லாச்சியில் கிடக்கும் மொட்டைக் கத்தி

டொலர் விலை, வரி, கொள்கலன் தாமதம் என்று ஒவ்வொரு வாரமும் பெரிய விடயங்களையே பேசுகிறோம். இம்முறை அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்மில் பலருடைய லாச்சியிலும் சட்டைப் பையிலும் கிடக்கின்ற ஒரு சிறிய சாமானைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் மடக்குக் கத்தி.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். சில வருடங்களுக்கு முன்னர், வந்திறங்கிய பெட்டிகளைத் திறப்பதற்குக் கடைப் பொடியன் எனது கத்தியைக் கேட்டு வாங்கினான். அது கூர் மழுங்கி மூன்று கிழமை ஆகியிருந்தது. "நாளைக்குத் தீட்டுவோம்" என்று நாளைக் கடத்தியவன் நான்தான். தடித்த அட்டைப் பெட்டியில் கத்தி இறங்கவில்லை. பொடியன் பலத்தைக் கொடுத்து அழுத்தினான். கத்தி வழுக்கி, பெட்டியைப் பிடித்திருந்த அவனது இடது கைப் பெருவிரலின் அடியில் பாய்ந்தது. தசைநாண் அறுந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. இன்றும் அந்த விரல் முழுமையாக மடங்குவதில்லை. ஐந்து வகைச் சாணைக்கல் விற்கின்றவனுடைய லாச்சியில் ஒரு மொட்டைக் கத்தி! அன்று நான் பட்ட வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை.

கூரான கத்திதான் கையை வெட்டும் என்று நாம் நினைக்கிறோம். கூரான கத்தி தான் போக வேண்டிய வழியில் இலேசாகப் போகும். மொட்டைக் கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டும். பலம் கொடுத்தது வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கடைக்காரருடைய கத்தி வீட்டுக் கத்தியை விட வேகமாக மழுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. அட்டைப் பெட்டி பார்வைக்கு மென்மையானது. ஆனால் அதற்குள் நுண்ணிய மண்ணும் தாதுத் துகள்களும் கலந்திருக்கும். ஒவ்வொரு பெட்டியும் கத்தியின் விளிம்பை அரத்தாள் போலத் தேய்க்கிறது. போதாக்குறைக்கு டேப்பின் பசையும் ஒட்டிக்கொள்ளும். எனவே நாள் முழுக்கப் பெட்டி உடைப்பவர், அலகை ஒடித்து எறியும் கட்டர் ஒன்றை அதற்கென்று வைத்துக்கொள்வதே சிக்கனம். மடக்குக் கத்தியைக் கயிறு, சாக்கு, வயர் உறை போன்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது?

கடைக்கு வருகின்றவர்கள் அதிகம் கேட்பது, V வடிவப் பிளவுக்குள் கத்தியை வைத்து இழுக்கும் சாணையைத்தான். விலை குறைவு, பழகவும் தேவையில்லை. விற்பவருக்கும் இலாபம் நல்லது. ஆனால் அதற்குள் இருக்கும் கார்பைட் துண்டுகள் கத்தியைத் தீட்டுவதில்லை, சுரண்டுகின்றன. விளிம்பு கிழிந்தது போலாகி, அப்போதைக்கு வெட்டும், பிறகு சீக்கிரம் மழுங்கும். "ஹாஜியார், இந்தச் சாமான் என்ட கத்தியைத் தின்னுதே!" என்று வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் சொன்னது உண்மை. அலகின் நடுப்பகுதி குழிந்து போயிருந்தது. மலிவான சமையலறைக் கத்திக்கு அவசரத்தில் அது உதவும். நல்ல மடக்குக் கத்திக்கு வேண்டாம்.

இரண்டாவது, மின்சாரச் சாணைச் சக்கரம். வாப்பாவுடைய கத்தி ஒன்றை நான் பாழாக்கியது இதில்தான். உருக்கைச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்தித்தான் கத்திக்கு உறுதி ஏற்றுகிறார்கள். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறிவிடும். சாதாரணக் கார்பன் உருக்கு நீல நிறமாக மாறினால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அங்கே பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் கூட, இடைக்கிடை தண்ணீரில் நனைத்தே சக்கரத்தில் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் எல்லோருக்கும் தெரிந்த இருபக்கக் கல். ஒரு பக்கம் பருமன், மறுபக்கம் நைஸ். நாம் காபரண்டம் என்று சொல்லும் சிலிக்கன் கார்பைட், 1891 இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது தற்செயலாகக் கிடைத்த பொருள். வைரம் கிடைக்கவில்லை. உலகத்துக்கு நல்லதொரு சாணைக்கல் கிடைத்தது.

நான்காவது, வைரத்துகள் பதித்த தகடு. எண்ணெய் தேவையில்லை, கல்லைப் போல நடுவில் குழிவதும் இல்லை. சட்டைப் பையில் அடங்குகின்ற அளவிலும் வருகிறது. ஆனால் அழுத்தித் தேய்த்தால் வைரத்துகள் உதிர்ந்துவிடும்.

எதை வாங்குவது என்பதைக் கத்தியின் உருக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். பலரும் வைத்திருக்கும் சுவிஸ் விக்டோரினொக்ஸ் கத்தியின் உறுதி ரொக்வெல் அளவில் சுமார் 56. இதற்குச் சாதாரணக் கல்லே தாராளம். 60 ஐத் தாண்டிய விலையுயர்ந்த புதிய உருக்குகளுக்கு வைரத் தகடுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். இலக்கத்தைப் பொறுத்தவரை, சிறிய இலக்கம் பருமன், பெரிய இலக்கம் நைஸ். 400 அளவிலும் 1000 அளவிலும் இரண்டு பக்கம் இருந்தால் போதும். ஒரு நாட்டின் இலக்கம் மற்ற நாட்டின் இலக்கத்தோடு சரியாகப் பொருந்தாது என்பதையும் கவனிக்கவும்.

எப்படித் தீட்டுவது?

தீட்டுவதில் உள்ள இரகசியம் பலமல்ல, சாய்வு. மடக்குக் கத்திக்கு ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 பாகை பொருத்தமானது. அளக்கக் கருவி வேண்டாம். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு அதன் முதுகைக் கல்லிலிருந்து உயர்த்திப் பிடியுங்கள். அகலம் 12 மில்லிமீற்றர் என்றால் முதுகு 4 மில்லிமீற்றர் உயர வேண்டும். விளிம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிக்கொண்டு இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். விளிம்பு நுனியில் மை அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

அடியிலிருந்து நுனி வரை ஒரே சாய்வில் தேய்த்துக்கொண்டே வாருங்கள். மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் ஒன்று எழும்பும். பெருவிரலை முதுகுப் பக்கமிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக வழித்தால் அது தட்டுப்படும். ஒருபோதும் விளிம்பு நெடுகிலும் விரலை ஓட்டாதீர்கள். பிசிர் முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பின்னர் நைஸ் பக்கத்தில் அழுத்தாமல் மாறி மாறித் தேய்க்கவும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து தடவை இழுத்தால் மிச்சப் பிசிரும் போய்விடும். பழைய பில் ஒன்றைக் கையில் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டினால் வேலை முடிந்தது.

கல்லுக்குச் சமையல் எண்ணெய் பூச வேண்டாம். நாளடைவில் அது பிசுபிசுத்துக் கல்லின் துவாரங்களை அடைத்துவிடும். தையல் இயந்திர எண்ணெய் நல்லது. எண்ணெய் கண்ட கல்லுக்குப் பிறகு தண்ணீர் சரிவராது என்பதால் எதை உபயோகிப்பது என்று முதலிலேயே தீர்மானியுங்கள். தீட்டி முடிந்ததும் கத்தியின் மடிப்பில் தங்கிய தூளைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

வாரம் ஐந்து நிமிடம்

முற்றாக மழுங்கிய கத்தியை மீட்க அரை மணித்தியாலம் வேண்டும். மழுங்க விடாமல் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஐந்து நிமிடம் போதும். வரவேண்டிய கடனை மாதாமாதம் கேட்டு வாங்குவதற்கும், வருடக் கடைசியில் துரத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எனது கடையில் வியாழக்கிழமை பின்னேரம் அதற்கென்று ஒதுக்கிய நேரம். கணக்குக் கொப்பியை மூடுவதற்கு முன்னர் கத்திகள் கல்லுக்கு வந்துவிடும். வெட்டும்போது பிடிக்கும் கை கத்தியின் பாதையில் இருக்கக் கூடாது என்பதும் கடைச் சட்டம்.

விற்பனையிலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சாணை கேட்டு வருகின்றவரிடம் "என்ன கத்தி?" என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. இழுவைச் சாணையின் விற்பனை குறைந்தது. பொறுமையில்லாத சிலர் பக்கத்துக் கடைக்கும் போனார்கள். ஆனால் சரியான கல்லை வாங்கிப் போனவர் அதைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை, அடுத்த சாமானுக்கு வருகிறார். தன் பொருளைப் பற்றி அறியாமல் விற்பவன் வாடிக்கையாளரையும் அல்லவா சேர்த்து விற்றுவிடுகிறான்!

அந்தப் பொடியன் இப்போதும் என்னோடுதான் இருக்கிறான். வியாழக்கிழமைகளில் கல்லை எடுத்து வைப்பது அவன்தான். இன்று கடை அடைக்கும் முன் உங்கள் லாச்சியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே கிடக்கும் கத்தி ஒரு கடதாசியை வெட்டாவிட்டால், அதை நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.