படகு இயந்திரம் ஏன் கொதிக்கின்றது?

சிவனொளிபாத மலைச் சாரலிலே பிறக்கும் களு கங்கை, செங்குத்தான மலைகளினின்றும் விரைந்திறங்கி, இரத்தினபுரியை அண்டியதும் வேகந்தணிந்து தாழ்நிலத்திற் பரவுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மலையிலே ஓயாது கொட்டுமாயின், இறங்கிவரும் வெள்ளம் அனைத்தும் களுத்துறைக் கடலை உடனே சென்றடைய வழியில்லை. ஆறு கரைகடந்து கடைவீதியிலும் வயல்களிலும், தோட்டங்களின் அடிவாரத்து லயன்களிலும் புகுந்துவிடும். 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017 ஆம் ஆண்டு அதே மாதத்திலும் வந்த பெருவெள்ளங்கள் இத்தகையனவே. அக்காலங்களில் மக்களைக் கரைசேர்த்தவை படகுகள்.

அப்படகுகளின் பின்பலகையிலே பூட்டப்பட்டிருக்கும் பொறிக்கு வெளியிணைப்பு இயந்திரம் என்று பெயர். கயிற்றை இழுத்ததும் இரைந்து புறப்படும் இவ்வியந்திரம், நடு வெள்ளத்திலே கொதித்து நின்றுவிட்டால் என்னாகும்? படகிலே ஒரு மூதாட்டியும், கைக்குழந்தையோடு ஒரு தாயும், நாலைந்து சிறுவரும் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலே ஆற்றின் பெரு நீரோட்டம். அந்நேரத்தில் இயந்திரத்தை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வேறுபாடு, உயிருக்கும் உயிரிழப்புக்கும் உள்ள வேறுபாடாகிவிடக்கூடும்.

மோட்டார் வண்டிக்கு அதன் சூட்டைத் தணிக்கும் நீர் வண்டியிலேயே இருக்கின்றது. படகு இயந்திரத்துக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. எந்த ஆற்றில் ஓடுகின்றதோ அந்த ஆற்று நீரையே குடித்து அது தன்னைக் குளிர்வித்துக் கொள்கின்றது. நீரில் அமிழ்ந்திருக்கும் அதன் காற்பகுதியிலே, சல்லடை போன்ற நீர்வாயில் உண்டு. அதற்கு மேலே ஒரு சிறு பம்பி. பம்பியினுள்ளே, இதழ்கள் விரிந்த பூவைப்போல ஓர் இறப்பர்ச் சக்கரம் சுழல்கின்றது. இது நம் தோட்டங்களிற் பால்வெட்டி எடுக்கும் இறப்பரன்று. பெரும்பாலும் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் ஈடுகொடுக்கும் செயற்கை இறப்பர். அச்சக்கரம் தள்ளும் நீர் குழாய் வழியே மேலேறி, சிலிண்டரைச் சுற்றியோடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து வெளியேறுகின்றது. அதில் ஒரு சிறு பங்கு மாத்திரம், இயந்திர மூடியின் பின்புறத்துச் சிறுதுளை வழியாக மெல்லிய கீற்றாகப் பீய்ச்சியடிக்கும். அந்த நீர்க்கீற்றே இயந்திரத்தின் நாடி. படகோட்டி முன்னே பார்ப்பது போலவே அடிக்கடி பின்னேயும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதனாலேதான்.

கீற்று மெலிந்தாலும் நின்றாலும், ஆவி பறந்தாலும், இயந்திரத்தின் வலு தானாகவே குன்றினாலும் உடனே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ஆயினும், பயந்துபோய் நீரோட்டத்தின் நடுவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிடலாகாது. இயன்றவரை மெதுவாகப் படகை ஒதுக்கமான நீருக்குக் கொண்டுசென்று, உறுதியான மரத்திலோ தூணிலோ கயிற்றைக் கட்டியபின்னரே நிறுத்துதல் நன்று. பின்பு காற்பகுதியை நீருக்கு மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். பல வேளைகளிலே காரணம் அங்கேயே இருக்கும். வெள்ளத்திலே வைக்கோலும் இலையும் கந்தலும் மிதந்து வருகின்றன. எல்லாவற்றிலும் பொல்லாதது பொலித்தீன் பை. ஈரத்துணி போல அது நீர்வாயிலில் ஒட்டிக்கொண்டால் ஒரு துளி நீரும் உள்ளே செல்லாது. இயந்திரம் நின்றிருக்கும்போது மாத்திரமே அதிற் கைவைத்தல் வேண்டும். சுழலும் விசிறி விரலென்றும் பையென்றும் பார்ப்பதில்லை.

நீர்வாயில் சுத்தமாயிருந்தும் கீற்று வராவிடில், அச்சிறுதுளையினுள் மெல்லிய கம்பியொன்றைச் செலுத்திப் பார்க்கலாம். இயந்திரம் மாதக்கணக்கிற் கிடந்த இடத்திலே குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. அப்பொழுது உள்ளே நீர் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கும். அடையாளம் மட்டும் மறைந்திருக்கும்.

இன்னொரு காரணம் படகிலுள்ளோரின் இருக்கை. அச்சத்தினால் எல்லோரும் முன்பக்கத்திலே நெருங்கி அமர்ந்தால், பின்பக்கம் உயர்ந்து, நீர்வாயில் நீருக்கு மேலே எழும்பிக் காற்றை உறிஞ்சத் தொடங்கும். பாரத்தைப் பின்னே நகர்த்தினால் கீற்றும் திரும்பிவிடும். வயலும் தெருவும் மூழ்கிய ஆழமற்ற இடங்களிலோ, விசிறி சேற்றைக் கலக்க, அந்தச் சேறே பம்பிக்குள் ஏறுகின்றது. அத்தகைய இடத்தில் இயந்திரத்தை நிறுத்தித் தூக்கிவிட்டு, மரக்கோலால் ஊன்றிச் செல்வதே அறிவுடைமை.

சூடேறிய இயந்திரத்தின்மேல் வாளியால் நீரை ஊற்றுகின்றவர்களும் உளர். கொதிக்கும் உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் வளையும், சிலவேளை வெடிக்கும். அது தானாக ஆறும்வரை பொறுத்திருப்பதைவிட வேறு மருந்தில்லை.

இனி, வெள்ளத்துக்கு முன்பே வந்துவிடும் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனவரின் இயந்திரம் நாள்தோறும் ஓடுகின்றது. வெள்ளநிவாரணப் படகின் இயந்திரமோ ஆண்டின் பெரும்பகுதி களஞ்சியத்திலே உறங்குகின்றது. அவ்வேளையில் இறப்பர் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்தபடி இறுகி, நெகிழ்ச்சியை இழக்கின்றன. மே மாதத்து இரவொன்றிலே அவசரமாக எடுத்து ஓட்டும்போது அவை ஒடிகின்றன. ஒடிந்த துண்டுகள் நீர்வழியிலே போய் அடைத்துக்கொள்வதால், புதுச்சக்கரம் பூட்டினாலும் கோளாறு தீராதிருக்கும். துண்டுகளை எண்ணி, எல்லாவற்றையும் தேடி எடுத்தாக வேண்டும்.

இதனோடு ஒரு வேடிக்கையான வழக்கமும் உண்டு. மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளிலே, இயந்திரத்தைத் தரையில் வைத்தபடியே கயிற்றை இழுத்து, “இதோ, ஓடுகின்றது” என்று காட்டுவார்கள். பம்பியின் இறப்பருக்கு நீரே குளிர்ச்சியும் வழவழப்பும் தருவது. நீரின்றி அரைநிமிடம் சுழன்றாலும் இதழ்கள் தேய்ந்து கருகத் தொடங்கும். மாணிக்கக் குழியிலே நீரிறைக்கும் பம்பியை அறிந்த இரத்தினபுரித் தொழிலாளிக்கு இதனை விளக்கவேண்டிய தேவையே இராது. இயந்திரம் ஓடுகின்றது என்று காட்டிய அந்நாளே, அது கெட்ட நாளாகவும் இருந்திருக்கக்கூடும்.

ஆகவே, மாதம் ஒருமுறையேனும் அகன்ற பீப்பாயில் நீர்வாயில் மூழ்கும்படி நீர் நிரப்பி, அதிலே சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டிக் கீற்றைப் பார்த்தல் வேண்டும். சித்திரை பிறக்குமுன் இறப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி நோக்கி, இதழ் நிமிராவிடில் மாற்றிவிடல் நன்று. பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் வகையாயின், தயாரித்தோர் சொன்ன அளவிலேயே கலத்தல் வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் சூடேறும். வெள்ளம் வடிந்தபின் அதே பீப்பாயிலே நல்ல நீரில் ஓட்டினால், உள்ளே தங்கிய வண்டல் கழுவுண்டு போகும்.

படகிலே கொண்டுசெல்ல வேண்டியவை அதிகமில்லை: ஒரு துடுப்பு, ஒரு மரக்கோல், நீண்ட கயிறு, ஒரு முழ மெல்லிய கம்பி, திருகாணிகளைக் கழற்றும் கருவிகள், பொதி பிரிக்காத ஓர் இறப்பர்ச் சக்கரம். இவையனைத்தும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்காவிடினும், படகின் ஓரத்திலே அடங்கிவிடும்.