2,62,791 டன்: ஓக்லா ஆலையும் கபாடிவாலாக்களின் மறுகணக்கும்

திரையில ஒரு எண் வருது பாருங்க. 2,62,791.

தெற்கு டெல்லியில ஓக்லான்னு ஒரு பகுதி. அங்க ஊர்க் குப்பையை எரிச்சு மின்சாரம் எடுக்க ஒரு ஆலை திட்டமிட்டாங்க. அது வந்தா வருஷத்துக்கு இத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமமான மாசு குறையும்னு, ஐ.நா.வோட கிளீன் டெவலப்மென்ட் மெக்கானிசத்துல 2007ல பதிவாச்சு. சுருக்கமா சி.டி.எம். அப்ப பதிவானா என்ன லாபம்? குறைச்ச ஒவ்வொரு டன்னுக்கும் கார்பன் கிரெடிட் கிடைச்சுது. அதைப் பணக்கார நாடுகளுக்கு விக்க முடிஞ்சது.

உங்களுக்கு நியாயமா ஒரு சந்தேகம் வரணும். குப்பையை எரிச்சா புகைதானே வரும், மாசு எப்படிக் குறையும்?

சி.டி.எம். கணக்கு எப்பவும் ஒரு கற்பனையில இருந்துதான் ஆரம்பிக்கும். இந்த ஆலை வரலைன்னா என்ன ஆகும்? ஆவணம் சொன்ன பதில்: குப்பை மேட்டுக்குப் போகும், காத்து படாம மக்கும், மீத்தேன் வரும். மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கிற வாயு. அதைத் தடுத்துட்டோம், கொஞ்சம் நிலக்கரி மின்சாரத்தையும் மிச்சம் பண்ணிட்டோம்னு கணக்கு எழுதினாங்க. அப்படி வந்த எண்தான் நீங்க பார்த்தது.

டெல்லியில ஒரு கூட்டம் இந்தக் கணக்கோட முதல் வரியையே ஏத்துக்கல. குப்பை எல்லாம் மேட்டுக்குப் போகுதுன்னு யார் சொன்னது? நாங்க எதுக்கு இருக்கோம்?

யார் அவங்க? வீடு வீடா வந்து பழைய பேப்பரை எடைக்கு வாங்குற கபாடிவாலா. தெருமுனையில மாநகராட்சி கட்டிவெச்ச 'டலாவ்'ங்கிற குப்பைக் கொட்டகையில கிளறி எடுக்குறவங்க. காசிப்பூர், பல்ஸ்வா குப்பை மலைகள் மேலயே ஏறிப் பொறுக்குறவங்க. டெல்லியில ஒன்றரை லட்சம் பேருக்கு மேல இந்தத் தொழில்ல இருக்காங்கன்னு மதிப்பீடுகள் சொல்லுது. பெரும்பாலும் தலித்துகள், முஸ்லிம்கள், பீகார், வங்காளம், அசாம்னு வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்க. இவங்க பொறுக்குனது சின்ன கோடவுனுக்குப் போகும். அங்க இருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் வாங்குற பெரிய வியாபாரிக்கு, அப்புறம் முண்ட்கா மாதிரி மொத்தச் சந்தைக்கு, கடைசியில ஆலைக்கு. கை மாற மாற ரகம் பிரிஞ்சுகிட்டே போகும். கையால வளைச்சுப் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டு, அதுலயும் தெரியலைன்னா ஓரத்தைக் கொளுத்தி மோந்து பார்த்து, இது எந்தப் பிளாஸ்டிக்னு சொல்லிடுவாங்க. ஆய்வகத்துல இதுக்குன்னு தனியா கருவி வெச்சிருப்பாங்க.

சரி, அவங்க பொறுக்கட்டும், மிச்சத்தை ஆலை எரிக்கட்டும், இதுல என்ன சண்டைன்னு கேக்கலாம். இங்கதான் ஒரு பழைய கதை வேணும்.

1980களோட கடைசியில டெல்லி திமார்பூர்ல ஒரு குப்பை மின் ஆலை கட்டினாங்க. டென்மார்க் தொழில்நுட்பம். தினம் 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம், இதுதான் திட்டம். ஓடுனது 21 நாள்! காரணம், குப்பை எரியல. ஒரு கிலோ குப்பையில 1,400 கிலோ கலோரிக்கு மேல வெப்பம் இருக்கணும்னு எதிர்பார்த்தாங்க. டெல்லிக் குப்பையில இருந்தது ஏறக்குறைய அதுல பாதி. பாதிக்கு மேல காய்கறித் தோலும் சோறும் ஈரமும்தானே. எரியக்கூடிய பேப்பர், அட்டை, பிளாஸ்டிக் எல்லாத்தையும் கபாடிவாலா ஏற்கனவே எடுத்துட்டான். ஐரோப்பாவுல அந்த வேலைக்கு ஆள் இல்ல, அதனால அங்க குப்பை எரிஞ்சது.

இப்ப புரியுதா? ஆலை ஒழுங்கா ஓடணும்னா, எதை வித்து அந்தக் குடும்பங்கள் சாப்பிடுதோ அதே பொருள்தான் கொதிகலனுக்கும் வேணும். ரெண்டும் சேர்ந்து வாழும்னு சொல்றவங்களை நான் அவ்வளவு சுலபமா நம்பமாட்டேன்.

அகில பாரதிய கபாடி மஸ்தூர் மஹாசங்கம் உட்பட பல அமைப்புகள் தெருவுல இறங்கினாங்க. டெல்லியில இருக்குற சிந்தன்ங்கிற தொண்டு அமைப்பு 2009ல வேற ஒரு வேலை செஞ்சுது. எதிராளியோட மொழியிலயே பதில் சொன்னாங்க. 'கூலிங் ஏஜென்ட்ஸ்'னு ஒரு அறிக்கை. பொறுக்குறவங்க மறுசுழற்சிக்கு அனுப்புற பொருளால டெல்லியில வருஷத்துக்கு எவ்வளவு மாசு குறையுதுன்னு கணக்குப் போட்டா, 9,62,133 டன். ஓக்லா எண்ணைவிட மூன்றரை மடங்குக்கு மேல. இதுக்கு ஒரு பைசா கார்பன் கிரெடிட் கிடையாது. அந்த டிசம்பர்ல கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்கு இந்தியா, லத்தீன் அமெரிக்கால இருந்தெல்லாம் குப்பை பொறுக்குறவங்களே போய், சி.டி.எம். பணம் எரியூட்டிகளுக்குப் போறதை எதிர்த்துப் பேசினாங்க.

9,62,133ங்கிறது வேதவாக்குன்னு நான் சொல்லல. அதுக்கு உள்ளயும் அனுமானம் இருக்கு. ஆனா முதல் எண்ணுக்கு உள்ளயும் அதே அளவு அனுமானம் இருக்கே? ஒண்ணை அறிவியல்னும் இன்னொண்ணைக் கோரிக்கைன்னும் நாம எப்படிப் பிரிச்சோம்?

இந்தக் குப்பை உலகத்துக்குள்ள முனைவர் பட்ட ஆய்வாளர்களும் நுழைஞ்சாங்க. காவேரி கில் கேம்பிரிட்ஜ்ல டெல்லி பிளாஸ்டிக் குப்பைச் சந்தையை ஆய்வு செஞ்சு, 'ஆஃப் பாவர்ட்டி அண்ட் பிளாஸ்டிக்'னு புத்தகமா எழுதினாங்க. பார்சிலோனாவுல ஆய்வு பண்ண ஃபெடரிகோ டெமாரியா, சேத் ஷிண்ட்லரோட சேர்ந்து 2016ல ஓக்லா போராட்டத்தைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். ரெண்டு பேரையும் கவர்ந்தது ஒரு விசித்திரக் கூட்டணி. ஆலைக்குப் பக்கத்துல சுக்தேவ் விஹார்னு ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. அங்க குடியிருக்குறவங்க பயம் டயாக்சின்ங்கிற நச்சு, மொட்டை மாடியில படியுற சாம்பல். அவங்க 2009லயே நீதிமன்றம் போனாங்க. மத்த நாள்ல குப்பை பொறுக்குறவங்களைக் காலனி கேட்டுக்கு உள்ள விடவே யோசிக்கிற வர்க்கம் அது. இந்த ஒரு விஷயத்துல ரெண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்னாங்க. ஒருத்தருக்கு நுரையீரல், இன்னொருத்தருக்கு வயிறு.

இதைக் கேட்டுட்டு கபாடித் தொழிலைப் புனிதமாக்கிடக் கூடாது. வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்குற புகையும் விஷம்தான். கையுறை இல்லாத கை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், இதெல்லாம் அந்தச் சங்கிலிக்கு உள்ளதான் இருக்கு. அவங்க அறிவை மதிக்கிறதுக்கு அவங்க வறுமையை அழகுபடுத்த வேண்டிய அவசியம் இல்ல.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண் ஒண்ணு சொல்றேன். 1990ல அமெரிக்காவுல இருக்குற வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட், உலகத்தைச் சூடாக்குற முதல் அஞ்சு நாடுகள்ல இந்தியாவையும் சேர்த்துச்சு. டெல்லியில இருந்து சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ல ஒரு சின்னப் புத்தகம் போட்டு அந்தக் கணக்கைக் கிழிச்சாங்க. ஏழை விவசாயியோட நெல் வயல்ல வர்ற மீத்தேனையும் பணக்காரனோட கார்ப் புகையையும் ஒரே தட்டுல வைக்கலாமான்னு கேட்டாங்க. அதே காலத்துல அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 378 லட்சம் டன் மீத்தேன் விடுதுன்னு சொல்லியிருந்துச்சு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்து ஏ.பி. மித்ரா குழு 1991ல நாடு முழுக்க வயல்ல இறங்கி அளந்தாங்க. வந்தது சுமார் 40 லட்சம் டன்!

வாஷிங்டனைப் பார்த்து "எங்க வயலை அளந்தீங்களா?"னு கேட்டது டெல்லி. ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சு அதே டெல்லியைப் பார்த்து, "எங்க மூட்டையை எடை போட்டீங்களா?"னு அதோட தெருவுல இருந்தே கேட்டாங்க.

ஓக்லா ஆலை 2012ல ஓட ஆரம்பிச்சது. 2017ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லுச்சு, மூடச் சொல்லல. நடுவுல 2016ல வந்த திடக்கழிவு விதிகளைப் படிச்சா சிரிப்பு வரும். குப்பை பொறுக்குறவங்களை அங்கீகரிச்சு அமைப்புக்கு உள்ள சேர்த்துக்குங்கன்னு அதுல இருந்துச்சு. மறுசுழற்சி பண்ண முடியாத, 1,500 கிலோ கலோரிக்கு மேல வெப்பம் இருக்குற குப்பையை மேட்டுல கொட்டாம எரிசக்திக்கு அனுப்புங்கன்னும் அதுலயே இருந்துச்சு. எது மறுசுழற்சி ஆகும், எது ஆகாதுன்னு முடிவு பண்றது யாரு? அதை வெச்சுத்தான் ரெண்டுல எந்த விதி ஜெயிக்கும்னு தெரியும்.

இது டெல்லிக் கதைன்னு நினைச்சுடாதீங்க. வட சென்னை கொடுங்கையூர்லயும் எரியுலைத் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடினாங்க. இந்த மாதிரி திட்ட அறிக்கை உங்க கைக்கு வந்தா, முன்பக்கத்து மெகாவாட்டை விட்டுடுங்க. 'ஆலை வரலைன்னா குப்பை எங்க போகும்?'னு எழுதியிருக்குற பக்கத்துக்கு நேரா போங்க. அதுல உங்க தெருக் காயலான் கடை இருக்கான்னு பார்த்துட்டு, கீழ கமெண்ட்ல சொல்லுங்க.