நாய் ரத்தம் ரத்தமா கழியுதா? மோர் ஊத்திட்டு காத்திருக்காதீங்க!

கொல்லிமலை:
கொல்லிமலையில் காட்டுப்பன்றியை விரட்ட, மிளகு, காபி தோட்டத்துக்கு காவல் காக்க என்று நாய் வளர்ப்பவர்கள் பலர். அந்த நாய் திடீரென ரத்தமாக கழிந்தால், "உடம்பு சூடு, மோர் ஊத்துனா சரியாயிடும்" என்று விட்டுவிடுவதும் உண்டு. பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காரவள்ளிக்கு இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவு. யோசிக்கத்தான் தோன்றும். ஆனால் சில நோய்கள் யோசிக்க நேரம் தராது.

தடுப்பூசி போடாத குட்டி என்றால் முதல் சந்தேகம் 'பார்வோ' வைரஸ். 1978-ல் உலகின் பல நாடுகளில் தலைகாட்டிய நோய் இது. முதலில் குட்டி சுருண்டு படுக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும். அடுத்து குடலைப் பிடுங்கும் நாற்றத்துடன் ரத்தபேதி. உடம்பில் தண்ணீர் வற்றி 2, 3 நாளில் உயிரே போய்விடும். டிரிப்ஸ் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, அவ்வளவுக்குப் பிழைக்க வாய்ப்பு. மனிதர்களுக்கு இது தொற்றாது.

தார் மாதிரி கருப்பாக வந்தாலும் ரத்தம்தான்! வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் அப்படித்தான் வெளியேறும். பெரும்பாலும் கொக்கிப்புழு வேலை. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் இந்தப் புழுவுக்கு மலையின் ஈர மண் ரொம்ப தோது. வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலிலும் புகுந்து அரிப்பை உண்டாக்கும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தாலும் வயிறு புண்ணாகி இப்படி ஆகும்.

சிவப்பாக, சளியோடு சொட்டினால் பெருங்குடலில் கோளாறு. கூரான எலும்புத்துண்டு கிழித்திருக்கலாம். உண்ணிக்காய்ச்சலிலும் ரத்தம் போகும்.

எலி மருந்து தின்றிருந்தால் ஈறு, மூக்கிலும் ரத்தம் கசியலாம். அந்த மருந்து பாக்கெட்டையும் டாக்டரிடம் எடுத்துப் போவது நல்லது.

ஒரு தடவை லேசாகக் கோடு போல ரத்தம், நாய் நன்றாகச் சாப்பிட்டு ஓடுகிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். வாந்தி, ஈறு வெளுப்பு, எழ முடியாத சோர்வு இருந்தால் அன்றே வண்டி பிடித்தாக வேண்டும். குட்டி என்றால் வெறும் ரத்தபேதியே போதும். மலத்தைக் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்துச் சென்றால் பரிசோதனைக்கு உதவும்.

குட்டி இறந்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி வாங்குவதுதான் பெரிய தப்பு. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்ற வேண்டும். புதுக்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். 'ஒண்ணு போட்டாச்சே' என்று நிறுத்திய குட்டிகளுக்கும் பார்வோ வருகிறது.