'லோ'வில் மட்டும் இரையும் உழவு இயந்திரம்

உழும்போதும் சேறடிக்கும்போதும் நெல் மூடைப் பெட்டியை இழுக்கும்போதும் நாம் 'லோ'வில் தான் இயந்திரத்தைச் செலுத்துகின்றோம். அந்தப் பளுவைச் சுமப்பது கியர் பெட்டியின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு சிறிய பற்சில்லுத் தொகுதியாகும். எமது கிராமங்களில் அதிகம் காணப்படும் மசி பேர்குசன் 35, 135 ஆகிய இரு வகைகளிலும் இது உண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்த பின்னர் பல குடும்பங்கள் மீட்டெடுத்த இயந்திரங்கள் வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் கிடந்தவை. அவற்றில் முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தொகுதிதான்.

அது எப்படி வேலை செய்கிறது? நடுவில் ஒரு பற்சில்லு இருக்கும். அதைச் சூரியன் என்பார்கள். அதனைச் சுற்றி மூன்று சிறிய சில்லுகள், கோள்களைப்போல, ஒரு தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும். இவை யாவற்றையும் சூழ்ந்து, உட்புறம் பல்லு வெட்டிய பெரிய வளையம் ஒன்று அசையாமல் நிற்கும். இயந்திரத்தின் சக்தி சூரியனைச் சுழற்ற, கோள்கள் வளையத்தின் பல்லில் உருண்டுகொண்டு தாங்கியைச் சுற்றும். சூரியன் நான்கு தரம் சுற்றினால் தாங்கி ஒரு தரமே சுற்றும். வேகம் நான்கில் ஒன்றாகக் குறைய, இழுவை ஏறத்தாழ நான்கு மடங்காகும். 'ஹை'யில் போட்டால் சக்தி இந்தச் சுற்றுவழியை விட்டு நேராகப் பின்னே போகும். மூன்று முன் கியர்கள் ஆறாவது இப்படித்தான்.

இதை விளங்கிக்கொண்டால் பழுதைக் கண்டுபிடிப்பது இலகு. 'லோ'வில் மூன்று கியரிலும் இரைச்சல், 'ஹை'யில் போட்டவுடன் அது அடங்குகிறது என்றால் சந்தேகம் இந்தத் தொகுதிமேல் தான். ஒரு கியரில் மட்டும் இரைந்தால் பழுது முன்பெட்டியில். பளு ஏறும்போது 'லோ' தானாகக் கழன்று விழுந்தால், மாற்றும் கவையையும் அதன் இணைப்பானையும் பார்க்கச் சொல்லுங்கள். அடி ஆணியைத் திறந்து வடித்த எண்ணெயைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். ஊசித் துண்டுகளோ மினுங்கும் துகள்களோ இருந்தால் அதற்குமேல் ஓட்டவேண்டாம். இவ்வகை இயந்திரங்களில் கியர் பெட்டி, பின் அச்சு, தூக்கும் பம்பு மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். இன்று உடையும் ஊசி நாளை பம்பையும் தின்றுவிடும்.

சில திருத்துநர்கள் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள். அது அவர்களுக்கு வேலை குறைவு, உங்களுக்குக் கடன். பெரும்பாலும் தேய்ந்திருப்பவை கோள்சில்லுகளுக்குள் உள்ள ஊசி பெயரிங்குகள், அவை ஓடும் முளைகள், இருபக்கமும் உள்ள வாசர்கள் ஆகியவையே. வளையம் பொதுவாக நீண்ட காலம் நிற்கும்.

திறப்பதற்கு இயந்திரத்தைக் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் இடையில் இரண்டாகப் பிரிக்கவேண்டும். இங்கே தான் ஆபத்து உண்டு. முன் அச்சு நடுவில் உள்ள ஒரு முளையில் ஊஞ்சல்போல ஆடும். ஆகவே அதன் இருபுறமும் மர ஆப்பு இறுக்காமல் பிரித்தால் எஞ்சின் பக்கம் சரிந்துவிடும். இரு பாதிகளுக்கும் உறுதியான மரக்குற்றிகள் கொடுக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக்கூடாது. பிரிப்பதற்கு முன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவிவிடுங்கள். ஒரு கைப்பிடி மணல் உள்ளே போனால் செய்த வேலை வீண்.

தாங்கியைக் கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று அடையாளமிடுங்கள். முளையை வெளியே எடுத்தவுடன் ஊசிகள் கொட்டும். கீழே ஒரு தட்டு வைத்து, ஒவ்வொரு சில்லிலும் எத்தனை என எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முளையின்மேல் நகத்தை ஓடவிடுங்கள். நகம் தடக்கினால் அது உதவாது. பல்லு நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டிருக்கிறது, அதையும் மாற்றவேண்டும். உடைந்த பல்லை வெல்டிங் பிடித்து அராவலாம் என்று யாரும் சொன்னால் கேட்கவேண்டாம். அந்தச் சில்லின் மேற்தோல் வன்மையாக்கப்பட்டது. வெல்டிங் சூட்டில் அது மென்மையாகி, அருகிலுள்ள பல்லுகளும் வெடிக்கும்.

ஊசிகளை மூன்று சில்லுக்கும் ஒரே தடவையில், புதிதாகவே போடவேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால், தேயாத புதிய ஊசிகளே முழுப் பளுவையும் ஏற்று விரைவில் நொறுங்கும். சிக்கனம் என்று நினைத்து ஒரு சில்லுக்கு மட்டும் மாற்றுவதும் அப்படியே. பளு மூன்றிலும் சமமாகப் பிரிய வேண்டும். ஊசிகளை அடுக்குவதற்குச் சில்லின் உட்புறம் கிறீஸ் பூசி, முளையின் பருமனில், சில்லின் நீளத்துக்கு வெட்டிய வழுவழுப்பான தடி ஒன்றை உள்ளே விட்டு வையுங்கள். பின்னர் உண்மையான முளையைத் தள்ளும்போது தடி மறுபுறம் வெளியேறும், ஊசிகள் அசையா.

இரு பாதிகளையும் சேர்ப்பதற்கு முன் கையால் சுற்றிப் பாருங்கள். 'லோ'வில் உட்தண்டு நான்கு சுற்று, வெளித்தண்டு ஒரு சுற்று. இடையில் எங்கும் இறுகவோ தடக்கவோ கூடாது.

கழிவு எஞ்சின் ஒயிலை இதற்குள் ஊற்றும் வழக்கம் எங்கள் பகுதிகளில் உண்டு. புதிய ஊசிகளுக்கு அது நஞ்சு. கைநூலில் சொல்லப்பட்ட எண்ணெயையே ஊற்றி, முதல் உழவு முடிந்ததும் வடித்துப் பார்த்து மாற்றுங்கள். கியர்க் கம்பியின் அடியிலுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள். நிறுத்திவைத்த இயந்திரத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் ஏற்கெனவே கலந்துவிட்டது. அதை முழுவதும் வடித்து மாற்றாமல் காலபோக உழவுக்கு இயந்திரத்தை வயலில் இறக்கவேண்டாம்.