குதிரையில் துரத்திய அலை

செஞ்சியில் குதிரை என்றாலே தேசிங்குராஜாதான். 1714-இல் போரில் மாண்ட அவரைச் செட்டிக்குளக் கரையில் எரியூட்டியதாகச் சொல்லி, ஒரு மேடையையும் காட்டுவார்கள். அந்தக் குளத்தில் ஒரு கல்லை எறிந்து பாருங்கள். அலை விரியும், மெலியும், கரை சேருமுன் காணாமல் போகும். அலை என்றால் அப்படித்தான்.

அப்படிப் போகாத அலை ஒன்றை 1834-இல் வேறொரு குதிரைக்காரர் பார்த்தார். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே ஒரு கால்வாய். குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென நின்றது. அதன் முன்னால் திரண்ட தண்ணீர் நிற்கவில்லை. முப்பது அடி நீளமும் ஒன்றரை அடிவரை உயரமுமாய், வழவழப்பான ஒற்றை மேடாக ஓடியது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையைத் தட்டிவிட்டார். ஒன்றிரண்டு மைல் துரத்தினார். உயரம் மெல்லக் குறைந்ததே தவிர அலை உருக்குலையவில்லை. கால்வாயின் வளைவுகளில்தான் கண்ணுக்குத் தப்பியது.

அன்று தற்செயலாய் எதிர்ப்பட்டதை இன்று வேண்டும்போது செய்துகொள்கிறார்கள், அதுவும் வாயுவில். சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் போட்ட கணக்கைப் பிடித்துக்கொண்டு ஐன்ஸ்டைன் ஊகித்த குளிர்த்திரள், 1995-இல் அமெரிக்காவில் கைகூடியது. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே, ஒரு டிகிரியில் கோடியில் இரண்டு பங்குதான்! அந்தக் குளிரில் ரூபிடியம் அணுக்கள் தனித்தனி அடையாளம் இழந்து ஒரே அலையாயின.

அலையின் குணம் பரவுவது. அணுக்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அந்தப் பரவல் கட்டுப்படும். ஈர்ப்பு மிஞ்சினாலோ திரளே நொறுங்கிவிடும். காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து இந்த ஈர்ப்பைப் பதம் பார்த்து வைக்கலாம். 2002-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் லித்தியம் வாயுவில் அந்தப் பதத்தைப் பிடித்தார்கள். தனியலை, அதாவது சாலிட்டான், குலையாமல் ஓடிய தூரம் 1.1 மில்லிமீட்டர். ரஸ்ஸலின் குதிரைக்கு ஓர் அடிவைப்புக்கும் காணாது.

தமிழ்நாட்டில் இந்த அலைகள் பெரும்பாலும் தாளில்தான் ஓடின. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். லட்சுமணன், ராதாகிருஷ்ணன், பின்லாந்தின் ஹியட்டரின்டா மூவரும் 1997-இல் ஒன்று காட்டினார்கள். சாதாரணச் சாலிட்டான்கள் மோதினால் ஒன்றையொன்று ஊடுருவி, பழைய உருவிலேயே வெளியேறும். இரு கூறுகள் கொண்டவை அப்படியல்ல. மோதலில் ஆற்றல் கைமாறுகிறது. ஒரு கூறு பெருக்க, மற்றது இளைக்கிறது. ஒளியிழைக்காகப் போட்ட கணக்கு அது. இருவகை அணுக்கள் கலந்த குளிர்வாயுவுக்கும் இன்று அதே வகைச் சமன்பாடுகளைத்தான் எழுதுகிறார்கள்.