குனியாமல் கூட்ட ஒரு மிஷின்

மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று புதுக்கோட்டையில் பழுது பார்த்துக்கொண்டிருக்கிற என்னிடம் இப்போது வேக்குவம் கிளீனர்களும் வருகின்றன. பெரும்பாலும் ராயவரம், கடியாபட்டி, பொன்னமராவதிப் பக்கத்து வீடுகளிலிருந்து. பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பாவும் அம்மாவும் மட்டும் அந்தப் பெரிய வீட்டில். கூட்டிப் பெருக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. முழங்கால் வலியோடு அம்மா குனிந்து நிற்பதை வீடியோ காலில் பார்த்த மகன், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு மிஷினைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

அவற்றில் சில முதல் நாளே கருகி என் மேஜைக்கு வந்து சேரும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. பிளக்குக்கு அடாப்டர் மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது முள்ளின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜைக் குறைக்காது. ஸ்விட்சைப் போட்டதும் ஓர் அலறல், பிறகு புகை. டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாமே என்பார்கள். 1,400 வாட் இழுக்கிற மிஷினுக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மரை அறை அறையாகத் தூக்கிப் போவது வாலிபனுக்கே வேலைதான்.

நின்றபடியே தள்ளுகிற இந்த 'அப்ரைட்' மிஷினை முதலில் கட்டியவரும் வயதானவர் என்பதில் எனக்கு ஒரு பிரியம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து கேன்டன் ஊரில் ஒரு பெரிய கடையைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். ஆஸ்துமா. விளக்குமாறு கிளப்புகிற தூசியில் மூச்சுத் திணறியது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு துடைப்பக் கட்டை, தூசி பிடிக்க ஒரு தலையணை உறை என்று கையில் கிடைத்ததை வைத்து அவரே ஒன்றைச் செய்தார். 1908இல் காப்புரிமை பெற்றபோது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அந்த உரிமையை வாங்கியவர்தான் வேக்குவம் கிளீனருக்குப் பேர்போன ஹூவர்.

ஆனால் அந்த ஊர்த் தரை வேறு. அங்கே சுவருக்குச் சுவர் கம்பளம். அதை அடித்து மண்ணை உதிர்க்கத்தான் அடியில் முரட்டு பிரஷ் சுழல்கிறது. நமக்கு ஆத்தங்குடிக் கல், சிவப்பு ஆக்சைடு, மொசைக். வெறுந்தரையில் அந்த பிரஷ் செம்மண் பருக்கையை உறிஞ்சுவதற்கு முன்னால் நாலாபக்கமும் தெறிக்கவிடும். மெத்தென்ற துணி உருளை வைத்ததாக இருக்க வேண்டும், அல்லது பிரஷ்ஷைத் தனியாக நிறுத்த ஒரு ஸ்விட்ச்சாவது வேண்டும்.

அடுத்தது எடை. அப்ரைட் மிஷின் ஐந்தாறு கிலோ இருக்கும். மோட்டார் கீழே இருப்பதால் சக்கரமே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டுக்குச் சிரமமில்லை. அடுக்குமாடி வீடாக இருந்தால் இதையே வாங்கச் சொல்வேன். பழைய வீட்டுக்கு ஒத்துவராது. கடியாபட்டியில் ஓர் ஆச்சி சரியாகச் சொன்னார்: "தள்ளத் தள்ள நல்லாத்தான் போகுது தம்பி. நிலைப்படி வந்தா நின்னுக்குது. தூக்கி வைக்க ஆள் இருந்தா, அந்த ஆளையே கூட்டச் சொல்லிரமாட்டேனா?" முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து இரண்டாம் கட்டு என்று எத்தனை படி! இந்த வீடுகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய பிளக் சமையலறையில் மட்டும்தான் இருக்கும். மற்ற இடங்களில் 5 ஆம்பியர் பாயின்ட். அதுவும் சில வீடுகளில் தரையை ஒட்டி. மெல்லிய ஒயரில் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்தால் ஒயர் சுடும், காலிலும் தடுக்கும். அறுபது தாண்டியவருக்குக் கீழே விழுவதைவிடத் தூசியே பரவாயில்லை.

அதனால் அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்வது, சார்ஜ் போட்டு ஓட்டுகிற ஒல்லியான ஸ்டிக் வகை. மூன்று கிலோவுக்குள் அடங்கும். இதில் இரண்டு தினுசு. மோட்டார் கைப்பிடியருகே இருந்தால் கட்டில், சோபாவுக்கு அடியில் சுலபமாக நுழையும், ஆனால் பாரம் முழுக்க மணிக்கட்டில். மோட்டார் கீழே இருந்தால் கைக்கு இதம். தானாக நிற்கவும் செய்யும், சுவரில் சாய்த்து வைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி விசை மாதிரி விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதை வாங்காதீர்கள். மூட்டுவாதம் உள்ள விரல் ஐந்து நிமிஷம் தாங்காது.

விளம்பரத்தில் வாட் கணக்கைப் பெரிதாகப் போடுவார்கள். வாட் என்பது மிஷின் தின்கிற கரண்ட், உறிஞ்சுகிற பலம் அல்ல. ஐரோப்பிய யூனியன் 2017 முதல் 900 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வேக்குவம் கிளீனர்களை விற்பனைக்கு விடுவதில்லை. அங்கே கம்பளமே அதில் சுத்தமாகும்போது நம் வழுவழுத் தரைக்கு என்ன குறை?

தூசி டப்பாவை அவர்களே திறந்து கொட்ட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். சில மூடிகள் படக்கென்று திறந்து தூசியை முகத்தில் அடிக்கும். இழுப்பு உள்ளவருக்குக் காகிதப் பை வைத்த மிஷின் நல்லது. கோலமாவு, விபூதி, பழைய சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு இவற்றைக் காட்டவே கூடாது. அந்த நைஸ் பொடி பில்டரை அடைத்துவிடும். என்னிடம் 'இழுக்கவில்லை' என்று வருகிற மிஷின்களில் பாதிக்கு வியாதி இதுதான். பில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் மோட்டார் போய்விடும்.

ஆன்லைனில் மகன் தேர்ந்தெடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் திருச்சியிலோ இங்கேயோ ஒரு கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போய், ஒரு கையால் தூக்கி ஒரு படி ஏற்றச் சொல்லுங்கள். கூடவே, வீட்டில் கூட்டுகிறவர் வேலைக்கு வருகிற பெண் என்றால் அவரையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதை யாரும் செய்வதில்லை.

கடைசியாக, பேட்டரியைக் கழற்ற வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது தளர்ந்துவிடும். கழற்ற வந்தால் புதிது மாட்டிக்கொள்ளலாம். உள்ளேயே ஒட்டி வைத்ததை என்னிடம் கொண்டுவந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.