நீதிமன்ற விளியும் மொழிபெயர்ப்பும்: மூன்று புனைவு வழக்கறிஞர்கள்

1. முன்னுரை

இன ஒடுக்குமுறையை நீதிமன்றத்தில் எதிர்கொள்ளும் புனைவு வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அவர்தம் அறத்துணிவைக் கொண்டே ஒப்பிடப்படுகின்றனர். மன்றத்தில் யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர் என்பது அத்துணை கவனம் பெறுவதில்லை. தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகம் (1860), ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் (1960), த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' திரைப்படம் (2021) ஆகியவற்றை இந்நோக்கில் ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றாவது படைப்பில் ஒடுக்குமுறை சாதி வழிப்பட்டது. எனினும், பிறப்பால் தாழ்த்தப்பட்டவரின் சொல்லுக்கு மன்றம் என்ன மதிப்புத் தருகிறது என்னும் வினா மூன்றுக்கும் பொதுவானது.

2. முன்னிலைப் படிநிலைகள்

வங்காள மொழியில் 'ஆப்னி', 'துமி', 'துய்' என முன்னிலை மூன்று படிநிலைகளை உடையது. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் இரண்டே பெருவழக்கு. 'நீர்' எழுத்து வழக்கிலும் சில வட்டாரங்களிலும் எஞ்சியுள்ளது. இன்றைய பொது ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் போன்ற பகுதிகளில் இரு மொழிகளையும் புழங்கும் தமிழர், 'துமி' என்று கேட்டதைத் தமிழில் சொல்லும்போது 'நீ', 'நீங்கள்' என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நேர் நிகர் இல்லை. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவருக்கோ, மூலம் சொல்லாததையும் ஒவ்வொரு வினைமுற்றிலும் சொல்லவேண்டிய கட்டாயம் உண்டு.

3. பெயரற்ற முக்தியார்

'நீல் தர்ப்பண்' நாடகத்தின் நான்காம் அங்கத்தில் நீதிமன்றக் காட்சி வருகிறது. அவுரி பயிரிடாதவாறு குடியானவர்களைத் தூண்டியதாகக் கோலோக் பாசு மீது வழக்கு. வழக்குத் தொடுத்த தோட்டத் துரை மாஜிஸ்திரேட்டுடன் அமர்ந்திருக்கிறார். பிரதிவாதிக்காக வாதிடும் முக்தியாருக்கு நாடகம் பெயர்கூடத் தரவில்லை. 'தர்மாவதார்' என்பதே அவர் நீதிபதியை அழைக்கும் விளி. தமிழில் 'தருமப் பிரபு' இதற்கு நெருங்கியது. அறத்தின் அவதாரம் என்று அழைத்தே அறம் கோரவேண்டிய நிலையில் அவர் தோற்கிறார். கோலோக் பாசு சிறையில் தூக்கிட்டு மாள்கிறார்.

1861இல் இந்நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங் மீது கல்கத்தா உச்சநீதிமன்றத்தில் அவதூறு வழக்கு நடந்தது. அவருக்கு ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா செலுத்தினார். வழக்கு வங்காள மூலத்தின் மீதன்று, ஆங்கிலப் பெயர்ப்பின் மீதே என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

4. 'பாய்' என்னும் விளி

ஹார்ப்பர் லீயின் நாவலில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் கில்மர், கறுப்பினத்தவரான டாம் ராபின்சனைப் 'பாய்' என்று ஏளனமாக அழைக்கிறார். அதைத் தாங்காமல் சிறுவன் டில் அழுகிறான். மறுபுறம் அட்டிகஸ் ஃபிஞ்ச், ஏழை வெள்ளைப் பெண்ணாகிய மேயெல்லாவை 'மிஸ்' என மரியாதையுடன் விளிக்க, அவள் அதைக் கேலியென எண்ணிச் சினக்கிறாள். மரியாதை பெற்றறியாதவர்க்கு மரியாதையே ஐயத்துக்குரியதாகிறது.

இது புனைவுக்கு மட்டும் உரியதன்று. 1963இல் அலபாமா நீதிமன்றமொன்றில், 'மேரி' எனப் பெயர் சொல்லி அழைத்த வழக்கறிஞருக்கு விடையளிக்க மறுத்த மேரி ஹாமில்டன், நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டிக்கப்பட்டார். 1964இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

அட்டிகஸும் டாமைப் பெயர் சொல்லியே அழைக்கிறார். தமிழாக்கத்தில் அவர் டாமிடம் 'நீங்கள்' என்றால், அந்த ஊரும் காலமும் தராத சமத்துவத்தைப் பெயர்ப்பாளர் தந்தவராவார். 'நீ' என்றாலோ கில்மருடன் வேறுபாடு மறையும். இருவர்க்கும் 'நீ' எனக் கொண்டு, கில்மருக்கு மட்டும் 'டேய்', 'டா' ஆகியவற்றைச் சேர்ப்பது ஏற்புடையது. அப்போது வேறுபாட்டை இடப்பெயர் அன்றி இவ்விளிச்சொற்களே உணர்த்தும்.

5. சந்துரு

'ஜெய் பீம்' 1993ஆம் ஆண்டின் காவல் மரண வழக்கொன்றைத் தழுவியது. காவல் நிலையக் காட்சிகளில் இருளர் மக்கள் ஒருமையிலும் 'டா', 'டி' என்றும் இழிவாக விளிக்கப்படுகின்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ஆகவே இத்தகையோர் வாய்மொழி பெயர்ப்பின் வழியே பதிவேறும். அங்கு வழக்கறிஞர் முதற்கண் மொழிபெயர்ப்பாளரே. இறுதிக் காட்சியில் சிறுமி அல்லி, வழக்கறிஞரைப் போலவே கால்மேல் கால் போட்டு அமர்ந்து நாளிதழ் விரிக்கிறாள். சொல்லால் ஆகாத சமத்துவத்தை அமரும் முறை காட்டுகிறது. இப்பாத்திரத்துக்கு மூலமான கே. சந்துரு, நீதிபதியான பின் தம்மை 'மை லார்ட்' என விளிக்கவேண்டாம் என்றவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

6. முடிவுரை

மூவருள் முக்தியார் விளியால் பணிகிறார். அட்டிகஸ் விளியால் மதிக்க முயன்று தன் ஊரின் எல்லைக்குள் நிற்கிறார். சந்துருவின் கதை விளியின் ஏற்றத்தாழ்வையே வினவுகிறது. ஆதலின் நீதிமன்றப் புனைவைப் பெயர்ப்போர், பணி தொடங்குமுன் யார் யாரை எவ்வாறு விளிப்பர் என்பதற்கு ஓர் அட்டவணை வகுத்துக்கொள்ளல் நலம். அதில் ஒரு பிறழ்ச்சி நேர்ந்தாலும், மூலம் தராத தீர்ப்பைப் பெயர்ப்பாளர் தந்துவிடக்கூடும்.